வீக்கம் வடிந்த முகம்

எங்கள் மகளின் கன்னம் உப்பத் தொடங்கியபோது தேயிலைத் தோட்டத்து லயமே, வரிசை வீடு மொத்தமுமே, சந்தோஷப்பட்டது.

அதுவரை எலும்பும் தோலுமாகத் திரிந்தவள். கலியாணமாகி வெகுகாலம் கழித்து, இனி இல்லை என்று நானும் மனைவியும் ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்லாமலே முடிவு கட்டிவிட்ட வயதில் வந்து பிறந்தவள். மூன்று வயது முடிந்தும் ஒரு வயதுப் பிள்ளையின் சட்டை அவளுக்குத் தொளதொளவென்று தொங்கும். அப்படிப்பட்டவளுக்கு, இருமலும் வயிற்றுப்போக்கும் மாறி மாறி வந்து ஓய்ந்த ஒரு மழை மாதத்தின் கடைசியில், முகம் வட்டமாகிவிட்டது. கால்கள் மினுமினுத்தன. யார் கிள்ளினாலும் கன்னம் மெத்தென்று இருந்தது.

"இப்பத்தான் புள்ள சதை போடுது," என்றார் சுவருக்கு அந்தப் பக்கத்து அறையில், அடுத்த காம்பராவில், இருக்கும் அக்கா. "எல்லாரு கண்ணும் அவ மேலதான். சுத்திப் போடு தங்கச்சி."

மனைவி உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி ஏறவே இல்லை. அப்படியென்றால் கண் பட்டிருந்தது என்று கணக்கு, பட்ட கண் கழிந்தது என்றும் கணக்கு. எல்லோருக்கும் நிம்மதி. நான் கைபேசியில் ஒரு படம் எடுத்து மச்சானுக்கு அனுப்பினேன். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன், கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை. உடனே அவர் குரல் வந்தது: "மருமக குண்டாயிட்டாளே மாப்ள, என்னாத்தக் குடுக்குறீங்க?"

என்ன கொடுத்தோம். காய்ச்சல் சளி என்றால் எங்கள் பக்கத்தில் முதலில் முட்டை நிற்கும். பிறகு பால் நிற்கும், வாழைப்பழம் நிற்கும். சளிக்கு ஆகாது, வயிற்றுக்கு ஆகாது. மிஞ்சுவது பால் விடாத பிளேன்டீயில் நனைத்த ரஸ்க்கும் கஞ்சித் தண்ணீரும். கிளினிக்கில் அவளுக்கென்று கொடுத்த சத்துமா, வீட்டுக்கு வந்ததும் சீனியும் தேங்காய்ப்பூவும் சேர்ந்து உருண்டையாகிவிடும். உருண்டை லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேர் கைக்கும் போய்விடும். கையை நீட்டிக்கொண்டு நிற்கிற பிள்ளைகளுக்கு நடுவே தன் பிள்ளைக்கு மட்டும் ஊட்ட எங்கள் பெண்களுக்குக் கை வராது. அதைக் குற்றம் என்று நான் இன்றைக்கும் எழுத மாட்டேன். ஈரமான பழக்கம் அது. ஆனால் அவள் உடம்புக்கு அது போதவில்லை.

நான் ராகலையிலிருந்து காய்கறி லொறி ஓட்டுகிறவன். கரட்டும் லீக்ஸும் கோவாவும் என் முதுகுக்குப் பின்னால் மலையாகக் குவிந்து கிடக்க, நான் மலையை விட்டு இறங்கிக்கொண்டே இருப்பேன். அப்படி இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் மனைவி கூப்பிட்டாள். "புள்ளைக்கு மூச்சு வாங்குதுங்க. நெஞ்சு குழி விழுந்து விழுந்து எழும்புது." நான் லொறியைத் திருப்பினேன். அந்த வளைவுகளை எப்படித் தாண்டினேன் என்று எனக்கு நினைவில்லை, லொறிக்குத்தான் தெரியும். பின்னால் மூட்டைகள் உருண்டு உருண்டு கதவில் முட்டிய சத்தம் மட்டும் காதில் இருக்கிறது.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் அவளை நேரே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போனார்கள். மூச்சுக்கு வாயில் ஒரு குழாய், அந்தக் குழாயின் மறுமுனையில் பெருமூச்சு விட்டுக்கொண்டே இருக்கும் ஓர் இயந்திரம். டொக்டர் ஓர் இளம்பெண், யாழ்ப்பாணப் பேச்சு. எங்களை வெளியே அனுப்புவதற்கு முன், மகளின் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தி, எடுத்தார். பள்ளம் அப்படியே நின்றது. மழை பெய்த ஒற்றையடிப் பாதையில் பதிந்த குதிகால் போல, மூடாமல் நின்றது.

"பிள்ளை கொழுக்கேல்லை அம்மா. இது வீக்கம்," என்றார். "உடம்பில புரதம் நல்லாக் குறைஞ்சுபோச்சு. ரத்தத்தில நிக்க வேண்டிய தண்ணி ஒழுகி வந்து தோலுக்குக் கீழ தேங்கியிருக்கு. இப்ப நெஞ்சிலயும் கிருமி."

மனைவி என்னைப் பார்க்கவில்லை, டொக்டரையும் பார்க்கவில்லை. அந்தப் பள்ளத்தையே பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள். "சாப்பிட வாயத் தொறக்கவே மாட்டேன்னுச்சுங்க. அடம் புடிக்குதுன்னு நெனச்சோம்."

"அடம் இல்லை. கிருமியோட சண்டை பிடிக்கேக்க உடம்பு முழுக்க அழற்சி வரும். உள்ளுக்கு நெருப்புப் பத்தின மாதிரி எண்டு வையுங்கோவன். அந்த நெருப்பு முதல்ல பசியைக் கொண்டுபோயிடும். எரிக்கிறதுக்கு ஒண்டும் இல்லாட்டித் தசையை எரிக்கத் தொடங்கும். மற்றப் பிள்ளையளுக்குக் கொஞ்சம் சேமிப்பு இருக்கும். இவவுக்கு இல்லை."

எனக்கு அது உடனே புரிந்தது. ஆனி மழையில் அடுப்புக்கு வைத்த மிலாறு தீர்ந்துபோகும். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளைக் கட்டிக் கொண்டுவந்து அடுக்கியதெல்லாம் எரிந்து முடிந்து, கிடைப்பதெல்லாம் ஈரமாகவே கிடைக்கும் நாட்கள். அப்போது பலகையை எரிப்போம். ஒரு முறை கோழிக்கூட்டை உடைத்து எரித்தோம். என் மகளின் உடம்பு அவளுடைய தொடையை, தோளை, நெஞ்சுத் தசையை ஒவ்வொன்றாகப் பிடுங்கி அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தது. வெளியே முகம் பௌர்ணமி மாதிரி உருண்டிருந்தது. உள்ளே வீடு எரிந்துகொண்டிருந்தது.

"பால் குடுக்கலாந்தானுங்களே? நெறைய?" என்று கேட்டேன்.

"குடுக்கத்தான் வேணும். ஆனா நிறைய இல்லை. இவ்வளவு காலம் காய்ஞ்ச உடம்புக்கு ஒரேயடியாக் குடுத்தா இதயம் தடுமாறும். மூக்கால குழாய் விட்டு, கொஞ்சம் கொஞ்சமாத்தான். அந்தப் பால் வயித்தில நிண்டுதெண்டால், பிள்ளை எங்களுக்கு."

பிறகு எங்களுக்கு உலகத்தில் ஒரே ஒரு கேள்விதான். பால் நின்றதா?

உள்ளே போக அம்மாக்களுக்குத்தான் அனுமதி. நான் நடந்தேன். எனக்கு ஓரிடத்தில் நிற்க வராது, சின்ன வயதிலிருந்தே. காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நிற்க வைத்தால்கூட ஒரு காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருப்பேன் என்று கங்காணி திட்டியிருக்கிறார். ஆஸ்பத்திரி நடைபாதையில் நடந்தேன், வாசலுக்கு நடந்தேன், பனி இறங்கி லொறியின் கண்ணாடி வெளுத்திருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்ப நடந்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் முகம் தேடினேன். மனைவி வெளியே வருவாள். நான் கேட்கும் முன்பே உதட்டைப் பிதுக்குவாள், இல்லையென்றால் இமையை மூடித் திறப்பாள். பிதுக்கினால் பால் திரும்பிவிட்டது. மூடித் திறந்தால் நின்றிருக்கிறது.

அது எப்படியென்று அவள்தான் எனக்குச் சொன்னாள். மிஸ்ஸி, அதாவது தாதி, மூக்குக் குழாயின் முனையில் ஊசியில்லாத ஒரு பெரிய சிரிஞ்சை மாட்டி, முதலில் உள்ளே என்ன மிச்சமிருக்கிறதென்று மெல்ல இழுத்துப் பார்ப்பார். பிறகு அதில் கொஞ்சம் பாலை ஊற்றி, கையை உயர்த்திப் பிடிப்பார். அமுக்க மாட்டார், தள்ள மாட்டார். பால் தானாக இறங்க வேண்டும். இறங்கும்வரை கையைக் கீழே விட மாட்டார். முதல் நாள் இழுத்துப் பார்த்தபோது, கொடுத்த பால் பச்சை நிறத் தண்ணீரோடு அப்படியே திரும்பி வந்தது. நிறுத்தினார்கள். மறுபடி கொடுத்தார்கள். மறுபடி பச்சை.

"பச்சையா வருதுங்க," என்று மனைவி சொன்னபோது அவள் குரலில் ஈரமே இல்லை. ஆயுளெல்லாம் தேயிலைப் பச்சைக்குள் நின்று கொழுந்து பறிக்கிறவள். அந்த நிறத்துக்கு அவள் அப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை.

மிஸ்ஸி சிங்களத்துப் பெண். தமிழைத் துண்டு துண்டாகப் பேசுவார். மனைவிக்குச் சிங்களம் துண்டு துண்டாகத்தான் வரும். இருவரும் சேர்ந்தால் ஒரு முழுப் பேச்சாகும். "அம்மா, பயம் வேணா," என்பாராம். பிள்ளை அவருக்குப் பபா. "பபா வயிறு தூங்குது. நாங்க எழுப்புறது. மெல்ல மெல்ல." அப்படியே எழுப்பினார். சண்டை போட்டு எழுப்பவில்லை, கெஞ்சி எழுப்பினார். இன்னும் குறைவாக, இன்னும் மெதுவாக, ஒரு மூடியளவு பாலைப் பிடித்துக்கொண்டு, உயர்த்திய கையோடு. பிறகு ஒரு பகலில் கதவு திறந்தது. மனைவி இமையை மூடினாள். திறக்கவே இல்லை, அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"நின்னுச்சா?"

"நின்னுச்சு," என்றாள். சொன்னவள் சுவரோடு சரிந்தாள். நான் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் எனக்கு அவள் விரதம் தெரிய வந்தது. பிள்ளை சாப்பிடும்வரை நானும் சாப்பிட மாட்டேன் என்று லயத்து மாரியம்மனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாள். பிளேன்டீயிலேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறாள். மிஸ்ஸி கோபித்துக்கொண்டார். "அம்மா விழுந்தா, நான் பபா பாக்கிறதா, அம்மா பாக்கிறதா?" மனைவி அசையவில்லை. வாக்கு வாக்குதான்.

அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து மச்சான் வந்து இறங்கினார். வந்தவர் வெறுங்கையோடு வரவில்லை. நாட்டுக்கோழி வாங்கி, நுவரெலியாவில் தெரிந்த ஒரு கடையின் குசினியில் சூப்பு வைத்து, ஒரு பெரிய பிளாஸ்கில் ஊற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"மூக்குல குழாய் இருக்குல்ல? அதுல இத ஊத்தச் சொல்லு மாப்ள. ரெண்டே வேளையில எந்திரிச்சு ஒக்காந்துருவா."

நான் தடுப்பதற்குள் கதவைத் தட்டிவிட்டார். மிஸ்ஸி எட்டிப் பார்த்தார். பிளாஸ்கைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார்.

"என்னது?"

"கோழி சூப்பு மிஸ்ஸி. வடிகட்டினது. மொளகு கொஞ்சந்தான்."

"மிளகு," என்றார் மிஸ்ஸி, அந்தச் சொல்லை எங்கே வைப்பதென்று தெரியாதவர் போல. "பபாவுக்கு மிளகு." பிறகு விரலை நீட்டி மனைவியைக் காட்டினார். "அந்த அம்மாவுக்குக் குடுங்க. இங்க வேணா." கதவு மூடிக்கொண்டது.

மச்சான் தங்கையிடம் திரும்பினார். அவள் தலையை ஆட்டினாள். விரதக் கதை வெளியே வந்தது. மச்சானுக்குக் கோபம் வந்தால் சிரிப்பு வரும். "ஏன்டி, ஆஸ்பத்திரியில ஒரு நோயாளி பத்தாதா? சரி, யாருகிட்ட வாக்குக் குடுத்த? அந்தம்மாகிட்டயே கேட்டுருவோம்." கைபேசியை எடுத்து லயத்துக் கோயில் பூசாரிக்கே அடித்தார். பூசாரி காலையில் மலையில் வேலை செய்து மாலையில் கோயில் நடை திறக்கிறவர். அந்நேரம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் நின்றிருக்க வேண்டும். பின்னால் பெண்களின் சத்தம் கேட்டது. மச்சான் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"அண்ணே, மூக்கு வழியா புள்ளைக்குப் பாலு போவுது. அது சாப்பாட்டுல சேத்தியா?"

பூசாரி கொஞ்சம் யோசித்தார். "வயித்துக்குள்ள போவுதா?"

"போவுது."

"நிக்குதா?"

மச்சான் மனைவியைப் பார்த்தார். அவள்தான் பதில் சொன்னாள். "நிக்குதுண்ணே. இன்னைக்கி நின்னுச்சு."

"அப்பறம் என்னா? ஆத்தா வாயையா பாத்துக்கிட்டு இருக்கா? வயித்தத்தான் பாப்பா. நீ திண்ணு தங்கச்சி."

"சூப்புங்க, கோழி சூப்பு," என்று மச்சான் சந்தேகம் கேட்டார்.

"வெரதமே முடிஞ்சு போச்சுங்கிறேன். கோழியா இருந்தா என்னா, கொக்கா இருந்தா என்னா. வையி போன, வேலை நேரத்துல பேசுறேன்னு கண்டாக்கையா பாக்குறாரு."

நடைபாதை வாங்குப் பலகையில் உட்கார்ந்து, பிளாஸ்க் மூடியில் ஊற்றிய சூப்பை அவள் இரு கையாலும் பிடித்துக் குடித்தாள். மூக்கு சிவந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகால் என்றாள். மச்சான் இன்னொரு மூடி ஊற்றினார். வாழ்க்கையில் நான் பல கோயில்களில் பல பூசைகளில் நின்றிருக்கிறேன். அந்த வாங்குக்கு முன்னால் நின்றபோதுதான் என் கால்கள் முதல் முறையாக மாறி மாறி அலையாமல் நின்றன.

பால் நின்ற பிறகு எல்லாம் நேராகிவிடும் என்று நாங்கள் நினைத்தோம். அங்கேதான் எங்களுக்கு அடுத்த பயம் காத்திருந்தது.

மகள் சிறுக்கத் தொடங்கினாள்.

பார்வை நேரத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்க்கப் பார்க்க, அவள் முகத்தின் வட்டம் கரைந்துகொண்டே போனது. முதலில் தாடை தெரிந்தது. பிறகு கன்னத்து எலும்பு. பிறகு போர்வைக்கு வெளியே கிடந்த கையில், ஈர்க்குச்சி போல மணிக்கட்டு. பால் போகிறது, நிற்கிறது, அளவைக் கூட்டிக்கொண்டும் வருகிறார்கள், பிள்ளை மட்டும் வற்றிக்கொண்டே போகிறது. இதென்ன கணக்கு? மனைவி ஒரு பகல் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். அவள் முகத்தில் இமையும் இல்லை, உதடும் இல்லை. கோபம்.

"தராசுல வச்சு நிறுத்தாங்க. எடை கொறஞ்சிருக்குன்னு டொக்டர் சொல்றாங்க. சொல்லிட்டு சிரிக்கிறாங்க. மிஸ்ஸியும் சிரிக்குது. எம்புள்ள தேஞ்சு போறது இவங்களுக்குச் சிரிப்பா இருக்கா?"

மச்சான் எழுந்து நின்றார். நானும்தான். அதற்குள் டொக்டர் அவள் பின்னாலேயே வந்துவிட்டார். சிரிப்பு இன்னும் முழுதாக அடங்கவில்லை.

"அம்மா, கோவிக்காதேங்கோ. வாங்கோ, அப்பாவும் வாங்கோ. ஒரு நிமிஷம் உள்ள வந்து பாத்திட்டுப் போங்கோ."

எனக்குப் பச்சை அங்கியொன்றை மாட்டிவிட்டு உள்ளே கூட்டிப் போனார். இயந்திரம் இன்னும் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது, ஆனால் இப்போது அடிக்கடி இல்லை. இடையிடையே அவளே மூச்சு விட்டுக்கொள்கிறாள் என்றார். பிறகு மகளின் கணுக்காலுக்கு மேல், அதே இடத்தில், கட்டைவிரலை வைத்து அழுத்தினார். எடுத்தார். பள்ளம் இல்லை. தோல் உடனே எழும்பிக்கொண்டது.

"தண்ணி வடிஞ்சிட்டுது," என்றார். "அழற்சி அடங்குது. எரியிறது நிக்குது. இப்ப குடுக்கிற பால்தான் இனித் தசைக்குப் போகும். நீங்க முன்னம் கண்டது உங்கட பிள்ளையின்ர முகம் இல்லை அம்மா, தண்ணியின்ர முகம். இப்பத்தான் பிள்ளை தெரியுது. சின்னப் பிள்ளைதான். ஆனா இனி வளரும்."

மனைவி குனிந்தாள். அந்த எலும்பு முகத்தை, கன்னம் ஒட்டி, கண் குழி விழுந்து, காது மட்டும் பெரிதாகத் துருத்திக்கொண்டிருந்த முகத்தை, முதல் முறை பார்ப்பதுபோல் பார்த்தாள். பிரசவ வாட்டில் துணியை விலக்கி அவளைக் காட்டினார்களே, அன்றைக்கு இதே காதுதான். "அப்புடியே உங்க காதுங்க," என்றாள் என்னிடம். அவ்வளவுதான் சொன்னாள்.

நாங்கள் மெலிவைப் பார்த்து வருந்தியே பழகியவர்கள். மெலிந்த பிள்ளையைக் கண்டால் பார்வையைத் திருப்பிக்கொள்கிறவர்கள். அன்று அந்த மெலிவுக்கு நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அந்த மணிக்கட்டு எலும்புக்கு, அந்த விலாக்குச்சிகளுக்கு, ஒரு துளிப் பொய்யும் இல்லாத அந்தச் சின்ன உடம்புக்கு. அதைத் திருப்பித் தந்தவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். மிஸ்ஸி அடுத்த கட்டிலில், இன்னொரு வீட்டுப் பிள்ளையின் தலைமாட்டில், சிரிஞ்சை உயர்த்திப் பிடித்தபடி நின்றிருந்தார். பால் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் பேசக் கூடாது என்று மனைவி எனக்குச் சொல்லித் தந்திருந்தாள். அந்தக் கையைப் பார்த்துவிட்டு வந்தேன்.

மூச்சுக் குழாய் எடுத்தார்கள். மகள் கரகரவென்று, ஒரு கிழவன் குரலில், "அம்மா" என்றாள். பிறகு அவளைச் சாதாரண வாட்டுக்கு மாற்றினார்கள். மூக்குக் குழாய் மட்டும் இருந்தது. டொக்டர் வந்து பார்த்துவிட்டு, "இனி ஒண்டுக்குத்தான் காத்திருக்கிறம். பசிக்கு," என்றார். உள்ளே நெருப்பு முழுதாக அணைந்தால்தான் பசி திரும்பி வருமாம். வருவது தெரியும், காத்திருங்கள் என்றார். காத்திருந்தோம். கரண்டியில் எதை நீட்டினாலும் அவள் முகத்தைத் திருப்பினாள். மச்சான் குரங்கு மாதிரி ஆடிக் காட்டினார், அதற்கும் திருப்பினாள். பால் மூக்கு வழியாகவே போய்க்கொண்டிருந்தது.

வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்த ஒரு முற்பகலில், பக்கத்துக் கட்டிலில் ஓர் அம்மா தன் பிள்ளைக்குப் பருப்பும் சோறும் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார். என் மகள் அந்தக் கையையே பார்த்தாள். கை தட்டுக்குப் போனால் தட்டுக்கு, வாய்க்குப் போனால் வாய்க்கு. பிறகு தன் வாயைத் திறந்தாள். சத்தம் இல்லை, சும்மா திறந்து வைத்திருந்தாள், குருவிக் குஞ்சு மாதிரி.

மனைவி ஓடிப்போய் வாட்டு மிஸ்ஸியைக் கூட்டி வந்தாள். கரைத்த கஞ்சிப் பால் கொஞ்சம் கிண்ணத்தில் வந்தது. மகள் குடித்தாள். விழுங்கும்போது தொண்டை ஏறி இறங்கியதை நாங்கள் மூவரும் பார்த்தோம். கிண்ணம் முடிந்தது. அவள் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், இன்னும் என்று கையை நீட்டினாள். இப்போதைக்கு இவ்வளவுதான், அடுத்த வேளைக்குத்தான் மிச்சம் என்று வாட்டு மிஸ்ஸி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவள் அழுதாள். அந்தக் கரகரத்த குரலை உடைத்துக்கொண்டு, வாட்டுக் கூரை அதிர, காலை உதைத்து, கிண்ணம் போன திசையைக் கையால் காட்டிக் காட்டி அழுதாள். மாதக்கணக்காக எந்தச் சாப்பாட்டுக்காகவும் அவள் அழுததில்லை. மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அப்படியும் சிரிப்பு வழிந்தது. எனக்கும் அடங்கவில்லை. மச்சான் வெளியே ஓடிவிட்டார்.

பக்கத்துக் கட்டில் அம்மாவுக்குத் தாங்கவில்லை. "என்னா மனுசங்க நீங்க? புள்ள பசியில இந்தக் கத்துக் கத்துது, அப்பனும் ஆத்தாளும் பல்லக் காட்டிக்கிட்டு ஒக்காந்துருக்கீங்க."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா," என்றாள். "அழுவட்டும். இன்னுங் கொஞ்ச நேரம் அழுவட்டும்."